வாசலுக்கு வலதுபுறம் முதல் இடம்

சர்ச் மூப்பர் டில்யார்ட் எங்கள் கடைக்குப் படகில் வந்தார். கொலம்பியா ஆறு ஊருக்குள் புகுந்து ஆறு நாள் ஆகியிருந்தது. கீழ்த்தளம் உத்தரம் வரை முழுகிவிட்டதால் சரக்கையெல்லாம் மாடிக்கு ஏற்றி, மாடி ஜன்னலையே வாசலாக்கி வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் சட்டத்தைப் பிடித்து ஒரு காலை உள்ளே போட்டுவிட்டு இன்னொரு காலைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கினார். எழுபது வயது, கனத்த உடம்பு. நான் கை கொடுக்கவில்லை. கறுப்புத் துணியை முழம் போட்டபடியே நின்றேன். ஒருவழியாக உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, ஜொசஃபீன் போயிட்டா. காலையில அஞ்சு மணிக்கு," என்றார்.

ஜொசஃபீன் அவர் மனைவி. நெஞ்சுவலிக்காரி. நான் வருத்தம் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்வதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். ஆற்றோரம் இருந்த பழைய கல்லறைத் தோட்டம் முழுகிவிட்டது. மேட்டில் ஊர் வாங்கிப் போட்டிருக்கும் புது இடத்தில்தான் அடக்கம் பண்ண வேண்டும். அதற்கு மேயர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். மேயர் என் வீட்டுக்காரர், ஃபைவெல் லாஸ்கர். ஊர்க்காரர்களுக்கு மிஸ்டர் ஃபிலிப்.

அவர் வெள்ள நிவாரணம் கேட்டுக் கவர்னரைப் பார்க்கப் போயிருந்தார். போகும்போது, இந்தத் தண்ணீரில் யாராவது செத்துப் போனால் ஜனங்கள் அலையக் கூடாது என்று மூன்று சீட்டுகளில் கையெழுத்துப் போட்டு, பேரை மட்டும் காலியாக விட்டு, என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். பொத்தான் அட்டைகள் வைக்கிற இழுப்பறையில் அவை இருந்தன. டில்யார்ட் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும்.

"மேயர் ஊர்ல இல்லீங்களே," என்றேன்.

எப்போது வருவார் என்று கேட்டார். வெள்ளம் எப்போது வடியும் என்று சொன்னால் அவர் எப்போது வருவார் என்று சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு திரும்பினார். ஜன்னலில் மறுபடி ஒரு காலைப் போட்டபோதுதான் எனக்கு அது நாக்கில் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தது.

"வெயில் ஏறுது. மீன்கார ஓலாஃப்கிட்ட ஐஸ் கெடைக்கும். வாங்கி வச்சிக்கோங்க."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் படகில் இறங்கினார். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நான் கறுப்புத் துணியை ஒரு முழம் கூடவே வெட்டிவிட்டேன். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

என் கணவரைப் பற்றி ஊரில் சொல்லாத நல்ல வார்த்தை இல்லை. ஐரோப்பாவில் போசன் பக்கத்துச் சின்ன ஊர்க்காரர். பதினேழு வயதில் கப்பலேறி வந்து, ஊசி, நூல், மூக்குக் கண்ணாடி, பொத்தான் என்று எண்பது ராத்தல் மூட்டையை முதுகில் சுமந்து, இந்த ஆற்றங்கரைப் பண்ணை வீடுகள் ஒவ்வொன்றிலும் கதவைத் தட்டியவர். அவருக்கு முதலில் தெரிந்த ஆங்கிலம் 'சும்மா பார்த்தால் காசு வேண்டாம்' என்பதுதான். நாயை அவிழ்த்துவிட்ட வீடுகளை எனக்குக் காட்டியிருக்கிறார். அந்த வீட்டுக்காரர்கள்தான் பிற்பாடு ஓட்டுப் போட்டார்கள் என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. கடை போட்ட பிறகு ஆல்டர்பெண்டிலேயே பெரிய கண்ணாடி ஜன்னல் எங்களுடையதுதான். அந்த ஜன்னலில் எதை எங்கே வைப்பது என்பதில் அவர் மன்னன். விற்காத தொப்பியைக்கூட, சர்ச் விட்டு வரும் பெண்கள் எந்தப் பக்கமிருந்து நடந்து வருவார்கள், எந்த இடத்தில் கண்ணை உயர்த்துவார்கள் என்று பார்த்து ஒரு முழம் நகர்த்தி வைப்பார். திங்கட்கிழமை அது விற்றுவிடும். நாங்கள் யூதர்கள், சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள், ஆனால் கோதுமைக்காரர்கள் ஊருக்குள் வருவதும் சனிக்கிழமைதான். அந்தப் பாவத்தையும் செய்தோம். கடையைத் திறந்து வைத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் அவர் நாற்காலியில் உட்காராமல் நாள் முழுக்க நின்றுகொண்டிருப்பார். கடவுளுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் அவர் கண்டுபிடித்த சமரசம் அது.

எங்கள் மகள் ஹிந்தெல், இரண்டு பையன்களுக்கும் மூத்தவள், இந்த ஊரில் பிறந்தாள். மூன்று வயதில் தொண்டை அடைப்பான் வந்து, ஆகஸ்ட் மாதத்து ஒரு புதன்கிழமை காலையில் இந்த ஊரிலேயே செத்தாள். எங்களில் இறந்தவர்களை அன்றே மண்ணில் வைத்துவிட வேண்டும். போட்டு வைப்பது அவர்களை அவமானப்படுத்துவது. அதுவரை தனியாகவும் விடக் கூடாது, பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். குளிப்பாட்ட எங்கள் பெண்கள் வேறு யாரும் இங்கே இல்லை. நானே குளிப்பாட்டினேன். தாய் செய்யக் கூடாத வேலை அது.

அவர் கல்லறைத் தோட்டக் கமிட்டித் தலைவரைப் பார்க்கப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மாவு மில் டில்யார்டுதான் தலைவர். கழுத்தில் செருகிய கைக்குட்டையோடு, சாப்பாட்டிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். என் கணவர் ஒரு மூலை போதும் என்றார், வேலிக்கு வெளியே என்றாலும் சரி என்றார்.

"ஏம்பா, அது கிறிஸ்தவங்க தோட்டம்ல. ஒங்க ஆளுங்களுக்குன்னு எங்கயாவது எடம் இருக்கும். அங்க கொண்டு போ," என்றார் டில்யார்ட். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கதவைச் சாத்தும்போது உள்ளேயிருந்து ஆப்பிள் வைத்துச் சுட்ட பைப் பலகார வாசனை வந்தது.

எங்கள் ஆட்களுக்கு இடம் போர்ட்லாந்தில் இருந்தது. தொண்டை அடைப்பான் கண்ட பிணத்தை நீராவிக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். மாட்டு வண்டிதான். இரண்டு பகல், ஒரு இரவு, ஆகஸ்ட் வெயில். துணி வந்த பைன் மரப் பெட்டிக்குள் அவளை வைத்து, மீன் கடையில் ஐஸ் வாங்கிச் சுற்றிலும் அடைத்தோம். பெட்டியின் பக்கவாட்டில் 'ஈரம் படாமல் வைக்கவும்' என்று அச்சடித்திருந்தது. வழியெல்லாம் அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போர்ட்லாந்து பெண்கள் பெட்டியைத் திறந்தபோது என் குழந்தையிடம் சால்மன் மீன் வாடை அடித்தது. இன்றுவரை அந்த மீன் என் வீட்டுக்குள் வந்ததில்லை.

ஏழு நாள் தரையில் உட்கார்ந்து துக்கம் காத்தோம். எட்டாம் நாள் அவர் கடையைத் திறந்தார். ஒன்பதாம் நாள் டில்யார்டின் மனைவிக்கு ரிப்பன் வெட்டிக் கொடுத்தார். நான் அன்றைக்கு அவரிடம் கத்தினேன். யார் வந்தாலும் வாடிக்கையாளர்தான் என்றார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். என் வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் ஆண்டது இரண்டாயிரத்து நூறு பேர் உள்ள ஆல்டர்பெண்டை. அதுவும் தானாக நடக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் கெட்டு ஜுரம் பரவிய வருஷம், மலையிலிருந்து குழாய் போட ஆள் பிடித்து, கணக்கும் காட்டி, ஒரு காசு திருடாமல் வேலையை முடித்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த தேர்தலில் நிற்கச் சொல்லி வந்தார்கள். அவர் தயங்கினார். நில்லுங்கள் என்று நான்தான் அவரைத் தள்ளினேன். எதற்கென்று அவருக்குத் தெரியும். இந்த ஊரில் என்றாவது ஒருநாள் டில்யார்ட் எங்கள் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் அரசியல்.

மேயரானதும் அவர் முதலில் செய்தது மேட்டில் நிலம் வாங்கிப் புதுக் கல்லறைத் தோட்டத்துக்குச் சட்டம் எழுதியது. சாதுவான சட்டம். 'ஊர் எல்லைக்குள் இறந்தவர் யாராயினும் இங்கே இடம் மறுக்கப்படவோ தாமதிக்கப்படவோ கூடாது.' அந்த வரி ஒவ்வொரு சீட்டிலும் அச்சாகியிருந்தது. எனக்கு வாசித்துக் காட்டினார். இதுதானா உங்கள் பழிவாங்கல் என்று நான் சிரித்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டேன்.

டில்யார்ட் மறுநாள், புதன்கிழமை, மறுபடி வந்தார். மேயர் இன்னும் வரவில்லை என்றேன். சரிம்மா என்றார். அவர் படகு போகிற சத்தம் கேட்டதும் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். சீட்டுகள் இருந்தன. மூடினேன். சாப்பாடு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்தே இறங்கவில்லை. மில் தெருவில் ஒரு பொம்பளை மண்ணில்லாமல் கிடக்கிறாள் என்பது என் உடம்புக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. நாற்காலியில் உட்கார முடியாமல் சரக்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். துக்க வீட்டில்தான் அப்படித் தாழ உட்காருவோம். யாருக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று கோபம் வந்து எழுந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மறுபடி அதே பெட்டியில் உட்கார்ந்திருக்கிறேன். வேகட்டும், அவர் வயிறும் எரியட்டும் என்று சொல்லிக்கொண்டேன். ஹிந்தெல் கிடந்தது போல இரண்டு நாள் முழுக்கப் போனால் கணக்குச் சரி.

வியாழக்கிழமை மத்தியானம் கணக்குச் சரியானது. ஒரு சீட்டில் ஜொசஃபீன் டில்யார்ட் என்று எழுதி எடுத்துக்கொண்டு ஆளை வைத்துப் படகை விடச் சொன்னேன். கொடுப்பதற்காக மட்டும் போகவில்லை. பார்ப்பதற்காகப் போனேன். இரண்டு நாள் மனைவியை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் என்ன ஆகியிருக்கிறார் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்.

மில் தெரு மேடு, அங்கே தண்ணீர் ஏறவில்லை. வீட்டு வாசலில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. உள்ளே கூடத்து நடுவில் பெட்டி. ஜொசஃபீன் நீலப் பட்டுச் சட்டையில், கன்னத்துக்குச் சாயமெல்லாம் பூசி, அசதியில் கண்ணயர்ந்தவளாகக் கிடந்தாள். பெட்டி செய்கிற ஆள் உடம்பு கெடாமலிருக்க ஏதோ மருந்து ஏற்றியிருந்தான். பூ வாசனையும் காப்பி வாசனையும். சுவரோரம் நீள மேஜையில் வறுத்த கோழி, பன்றித் தொடை, ஏழு விதமான பைப் பலகாரம். ஜனங்கள் தட்டும் கையுமாக நின்று அவளுடைய நல்ல குணங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ மெதுவாகச் சிரிக்கவும் செய்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

டில்யார்ட் எழுந்து வந்து சீட்டை வாங்கினார். அவர் கண் கலங்கியது.

"ஒங்களுக்கு எவ்ளோ சிரமம் அம்மா. அவசரமே இல்ல. மக கோரா சான் ஃப்ரான்சிஸ்கோவுலேர்ந்து வரணும்ல, இன்னிக்குக் கப்பல்லதான் வர்றா. நாளைக்குத்தான் அடக்கம் வச்சிருந்தோம்."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவர்கள் நடுவில் இருந்திருக்கிறேன். அவர்கள் கல்யாணத்துக்குத் துணி வெட்டியிருக்கிறேன், சாவுக்குக் கறுப்பு வெட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு சாவு வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. அவர்கள் செத்தவர்களை மூன்று நாள் கூடத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்றும், அதுதான் மரியாதை என்றும் எனக்குத் தெரியாது. நான் கொடுத்த தண்டனையை அவர் கவனிக்கவே இல்லை. பட்டினி கிடந்ததும், தாழ உட்கார்ந்ததும், எரிந்ததும் நான்தான்.

அப்போது கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். எங்கள் மகள் செத்தபோது நாங்கள் இந்த வாசலுக்கு வந்தது நினைவிருக்கிறதா என்று. அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிக்கவில்லை. பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று கடைக்காரிக்குத் தெரியும்.

"ஒங்களுக்குப் பொண்ணு இருந்துச்சா? பையங்க ரெண்டு பேருன்னுல்ல நெனச்சேன்," என்றார். பிறகு, சாப்பிடாமல் போகக் கூடாது என்று யாரிடமோ எனக்கு ஒரு தட்டு வாங்கி என் கையில் கொடுத்தார். ஆப்பிள் பை. நான் தட்டை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலக் கப்பலில் என் கணவர் வந்தார். அதே கப்பலில்தான் கோராவும் வந்திருக்கிறாள். அவள் பெட்டியை இவர்தான் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். சுமை பழகிய முதுகு. சாப்பாட்டு மேஜையில் நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை.

"மறுக்கக் கூடாதுன்னுதான் கவுன்சில்ல எழுதுனாங்க. தாமதிக்கக் கூடாதுங்கிறது நான் சேத்தது. அது எதுக்குன்னு ஒருத்தனுக்கும் புரியல. அந்த ஒரு வார்த்தைய யாருக்காகச் சேத்தேன்னு நெனச்ச, யெட்டா?"

அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். நான் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"மொத சீட்டுலயே நீ அத மீறிட்ட," என்றார்.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் எழுந்து போய்விட்டார். ஹிந்தெலுக்காக வருஷம் ஒருநாள் ஏற்றுகிற விளக்கு அலமாரியில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் மேட்டில் இடம் குறிக்க மேயர் நேரில் போனார். டில்யார்ட் குடும்பத்துக்கு அவர் கொடுத்தது வாசலுக்கு வலதுபுறம் முதல் இடம். ஆறு முழுக்கத் தெரிகிற, மண் கெட்டியான, வண்டிப் பாதையை ஒட்டிய இடம். மனைவிக்கு ஒன்று, பிற்பாடு டில்யார்டுக்கு ஒன்று. ஊரே மேயரின் பெருந்தன்மையைப் பேசியது. டில்யார்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு போட்டேனே தவிரப் பேசவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்கிற கதையாக, மேயரான பிறகும் இவர் முதுகில் அதே மூட்டைதான் என்று நினைத்தேன்.

வெள்ளம் வடிந்தது. ஜூலையில் கடைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஒருநாள் அவர் பொட்டலம் கட்டுகிற காகிதத்தை மேஜையில் விரித்து, பென்சிலை என் கையில் கொடுத்தார். மேட்டில் பாதைக்கு இடதுபுறம் முதல் இடத்தை நம் காசு கொடுத்து நம் பேரில் பதிந்திருக்கிறேன், ஹிந்தெலுக்கு அங்கே ஒரு கல் வைக்கலாம், என்ன எழுத வேண்டும் என்று எழுது என்றார்.

அவள் போர்ட்லாந்தில் இருக்கிறாளே, கீழே ஒன்றும் இல்லாமல் கல் எதற்கு என்று கேட்டேன். அவர் காகிதத்தில் ஒரு கோடு கிழித்தார். இது பாதை. வலதுபுறம் ஒரு கட்டம், ஜொசஃபீன். இடதுபுறம் ஒரு கட்டம், நம்முடையது. நடுவில் ஒன்பது அடி. பிறகு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு ஜனங்கள் எந்தப் பக்கமிருந்து ஏறி வருவார்கள், மேட்டில் மூச்சு வாங்க எங்கே நிற்பார்கள், நின்றால் கண் எங்கே போகும் என்று பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தார். தொப்பியை ஒரு முழம் நகர்த்தி வைக்கிற அதே முகம். நான் அந்த மனுஷனைப் பார்த்தேன். முப்பது வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

நான் ஐந்து வரி எழுதினேன்.

ஹிந்தெல் லாஸ்கர், மூன்று வயது.
இந்த ஊரில் பிறந்தாள்.
இந்த ஊரில் இறந்தாள்.
இந்த ஊரில் இடம் மறுக்கப்பட்டவள்.
மறுத்தவர் ஆம்ப்ரோஸ் டில்யார்ட்.

அவர் படித்துவிட்டுக் கடைசி வரியை அடித்தார். நான் பென்சிலைப் பிடுங்கினேன்.

"கூவி வித்ததெல்லாம் மூட்ட தூக்குனப்ப," என்றார் அவர். "கட வச்சப்புறம் கூவக் கூடாது. கண்ணுல படுற எடத்துல வச்சிட்டு சும்மா இருக்கணும்."

கல் செப்டம்பரில் நான்கு வரிகளோடு வந்தது. எங்கள் புது வருஷத்துக்கு முந்திய நாட்களில் இறந்தவர்களைப் போய்ப் பார்ப்பது வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக மேட்டுக்குப் போனேன். அவர் வரவில்லை. சரக்கு அடுக்க வேண்டும் என்றார். கல்லறைக்கு நாங்கள் பூ கொண்டுபோவதில்லை, கல்தான் வைப்போம். ஆற்றங்கரையில் ஒரு கூழாங்கல்லை எடுத்துப் போனேன்.

சர்ச் மணி அடித்து அரை மணியில் டில்யார்ட் கோராவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். கோரா அப்பாவைப் பார்த்துக்கொள்ள இங்கேயே தங்கிவிட்டாள். கையில் செவ்வந்திப் பூ. என் கணவர் புள்ளி வைத்த இடத்தில் சரியாக நின்று மூச்சு வாங்கினார். கண்ணை உயர்த்தினார். கிழவருக்குப் பார்வை மங்கல், எழுத்து தெரியவில்லை. அது என்ன புதுக் கல், வாசி என்று மகளிடம் சொன்னார்.

அவள் பள்ளிக்கூட டீச்சர். நிறுத்தி, தெளிவாக வாசித்தாள். பின்னால் ஏறி வந்த மூன்று நான்கு குடும்பங்களும் நின்று கேட்டன. நான்காவது வரியில் அவள் குரல் தடுமாறியது. திரும்பவும் ஒருமுறை அதையே வாசித்தாள்.

"மூணு வயசுக் கொழந்தைக்கா? யாருப்பா வேணாம்னது?" என்று கேட்டாள்.

டில்யார்ட் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக ஏறி வருவதைப் பார்த்தேன். வாசல், கைக்குட்டை, சாத்திய கதவு. சுற்றி நின்றவர்களில் வயதான இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், பிறகு ஒன்பது அடி தள்ளி நின்ற என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பார். ஒருவேளை அதைத்தான் விரும்பினாரோ என்னவோ.

"அப்பா?" என்றாள் கோரா.

நான் கூழாங்கல்லை ஹிந்தெலின் கல் மேல் வைத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவர் வாய் திறக்கட்டும் என்று நின்றேன். எனக்கு அவசரமே இல்லை.